சரியாகிப்போன தோள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு ஜூலை மாத விடியற்காலையில், அடிபம்பின் கைப்பிடி அம்மாவின் கையோடு மேலே துள்ளியது.
2. அம்மாவின் வலது தோளுக்குள் ஏதோ ‘டப்’பென்றது. அது அம்மாவுக்கு மட்டும்தான் கேட்டது.
3. ஐந்து நாள் தைலம் தேய்த்தும் வலி போகவில்லை.
4. ஆறாம் நாள் நான் அந்தத் தோளை வலது காலால் மூன்று முறை மிதித்தேன்.
5. அம்மா எழுந்து உட்கார்ந்து, “சரியாயிடுச்சு” என்றாள்.

இதில் முதல் நான்கும் உண்மை. ஐந்தாவதில் அம்மா சொன்னது உண்மை இல்லை. எங்கள் வீட்டில் ஏழு வாரம் எல்லோரும் நம்பியது அந்த ஐந்தாவதைத்தான்.

நான்காவதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நான் பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் காலால் மிதித்தால் எப்பேர்ப்பட்ட சுளுக்கும் விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மயிலாப்பூரில் குளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த எங்கள் தெருவில் இரண்டு மருந்துக் கடைகளும் ஒரு எம்.பி.பி.எஸ். டாக்டரும் இருந்தார்கள். ஆனாலும் இடுப்புப் பிடித்துக்கொண்டால் ஜனங்கள் என்னைத் தேடித்தான் வந்தார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. நாலாம் வகுப்பு.

வைத்திய முறை எளிமையானது. வந்தவர் பாயில் குப்புறப் படுக்க வேண்டும். நான் வலி உள்ள இடத்தில் வலது குதிகாலை வைத்து மூன்று முறை மெல்ல மிதிக்க வேண்டும். எழுந்து போகிறவர் நன்றி சொல்லக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் என்று சேர்த்துவைத்திருந்தாள். இதில் கோயிலிலிருந்து வந்தது எது, தெருவிலிருந்து வந்தது எது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அப்பா மட்டும், “டாக்டரம்மா, ஆபரேஷனுக்கு முன்னாடி காலை சோப்புப் போட்டுக் கழுவுங்க” என்பார். நான் கழுவினேன். யாருக்கு எங்கே பிடித்திருந்தது என்று ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியும் வைத்தேன். இடுப்பு ஏழு, முதுகு மூன்று, கணுக்கால் ஒன்று.

என் நோயாளிகளில் முதன்மையானவர் பட்டினப்பாக்கத்திலிருந்து கூடை சுமந்து வரும் மீன்காரம்மா. ஒரு முறை மிதித்ததில் அவருக்கு இடுப்பு விட்டுவிட்டது. நடுமுற்றத்தில் நின்று நான்கு குடித்தனத்துக்கும் செய்து காட்டினார்.

“தோ பாரு, குனியறேன். தோ, நிமிர்றேன். ஒண்ணியும் இல்ல. இன்னா காலுமா இது! தங்கத்துல கொலுசு பண்ணிப் போடணும் இதுக்கு.”

கொலுசு வரவில்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பல மாதங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வருடம் தண்ணீர்ப் பஞ்சம். நான்கு குடித்தனத்துக்கும் முற்றத்தில் ஒரே ஒரு அடிபம்பு. விடியற்காலை நாலரை மணிக்கு வரிசை தொடங்கும். உள்ளே இருந்த தோல் வாஷர் தேய்ந்துபோய், கைப்பிடி ஒரு சமயம் பாறை மாதிரி இறுகும், ஒரு சமயம் ஒன்றுமில்லாமல் தொளதொளக்கும். அம்மா உடம்பு முழுவதையும் கொடுத்துத்தான் அடிப்பாள். அன்று பாதி அழுத்தியிருந்த கைப்பிடி திடீரென்று மேலே எகிறியது. பிடியை விடாத அம்மாவின் கையும் கூடவே எகிறியது. குடம் பாதிதான் நிறைந்திருந்ததாம். மீதியையும், அடுத்த இரண்டு குடத்தையும் இடது கையால் அடித்துவிட்டு வந்தாள். இதெல்லாம் வெகு காலம் கழித்து அவளே சொன்னது. அன்று காலை எங்களிடம் சொன்னது, “கை கொஞ்சம் பிசகிடுச்சு” என்பது மட்டும்தான்.

அம்மா நான் படித்த பள்ளியிலேயே ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். நாள் முழுவதும் கரும்பலகையில் எழுதுகிற வேலை. தைலத்தைத் தேய்த்துக்கொண்டு போனாள். வகுப்பறையில் சாக்பீஸ் வாசனையைவிடத் தைல வாசனை தூக்கலாக இருந்ததாகக் கேள்வி.

ஆறாம் நாள் சாயங்காலம் அத்தை வந்தாள்.

“வீட்டுலயே வைத்தியத்த வச்சுக்கிட்டு என் தம்பி ஊரெல்லாம் தைலம் வாங்கறான். ஏன், பெத்தவளுக்குப் பிள்ளை காலு ஆகாதா?”

“அதுக்கில்ல அண்ணி. தோளுக்கெல்லாம் அவ இதுவரைக்கும் பார்த்ததில்லையே” என்றாள் அம்மா.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மீன்காரம்மாவின் இடுப்புச் சுளுக்கையே எடுத்துவிட்ட எனக்குத் தோள் எம்மாத்திரம்? காலைக் கழுவிக்கொண்டு வந்து நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள்.

மற்றவர்களைத் தொட்டும் தொடாமலும் மிதிப்பேன். படுத்திருப்பது அம்மா என்பதால் கொஞ்சம் தாராளமாகவே அழுத்தினேன். இரண்டாவது மிதியில் அம்மாவின் கால்விரல்கள் பாயைக் கவ்விச் சுருண்டன. சுளுக்கு அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

“எப்படிம்மா இருக்கு?”

அம்மா இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள். நான் ஒரு காலை இன்னும் தரையில் வைக்காமல் தூக்கிக்கொண்டே நின்றிருந்தேன், தேவைப்பட்டால் நான்காவது மிதிக்கும் தயாராக.

“சரியாயிடுச்சுடா கண்ணு” என்றாள்.

அத்தை பங்குக் கோயில் மாதர் சபையின் தலைவி. அந்தக் கோயில் வட்டாரமான எங்கள் பங்கில் ஒரு செய்தி அவளிடம் போனால் அறிவிப்புப் பலகை தேவையில்லை. முதல் ஞாயிறு, “தோள்பட்டை எறங்கிப் போயிருந்துச்சு, பிள்ளை மூணே மிதி” என்றாள். இரண்டாம் ஞாயிறு, “கைய அசைக்கவே முடியல” என்றாள். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது அவள் கதையில் எலும்பே வெளியே தெரிந்திருந்தது. கேட்கிறவர்கள் எல்லாம் அம்மாவின் பக்கம் திரும்புவார்கள். அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். அந்த ஆகஸ்ட்டில் மட்டும் எனக்கு ஒன்பது நோயாளிகள்.

இன்னொன்றும் நடந்தது. சிலுவை அடையாளம் போடும்போது அம்மாவின் கை நெற்றிக்குப் போகவில்லை. நெற்றி கைக்கு இறங்கி வந்தது. மார்பளவில் நின்ற விரல்களை நோக்கி அவள் தலையை அத்தனை தாழ்த்தினாள். பார்த்த பெண்கள் உருகிப்போனார்கள்.

“பாரு, சொகமானதுக்கு நன்றி எப்படிச் சொல்றா பாரு” என்று அத்தை எல்லோருக்கும் காட்டினாள். இரண்டு வாரத்தில் அத்தையும் தலையைத் தாழ்த்த ஆரம்பித்தாள், தம்பி மனைவிக்குக் குறைந்துவிடக் கூடாதே என்று. அதன்பின் முன்வரிசைப் பெண்கள் பலரும் அப்படியே குனிந்தார்கள். ஃபாதருக்கு அந்த ஆண்டு தம் பங்கின் பக்தி பெருகியதாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது. பஸ்ஸில் மேல்கம்பியை அம்மா இடது கையால் பிடித்தாள். ரவிக்கை போடும்போது வலது கையை முதலில் நுழைத்துக்கொண்டாள். இடப்பக்கம் ஒருக்களித்து, வலது கைக்கடியில் தலையணை வைத்துப் படுத்தாள். அலமாரியின் மேல்தட்டில் இருந்த சர்க்கரை டப்பா ஒரு நாள் அடுப்பு மேடைக்கு இறங்கி வந்து அங்கேயே தங்கிவிட்டது.

ஐந்தாம் வகுப்புப் பெண்கள் என்னை மடக்கிக் கேட்டார்கள். “உங்கம்மா ஏன்டி போர்டுல பாதிக்குக் கீழயே எழுதறாங்க? கடைசி பெஞ்சுக்கு ஒண்ணுமே தெரியல.”

அம்மாவிடம் கேட்டேன். “முன்னாடி குட்டைப் பொண்ணுங்க உட்கார்ந்திருக்காங்கல்ல, அவங்களுக்காக” என்றாள். நியாயமாகத்தான் பட்டது.

பிறகு என் பின்னல். எங்கள் பள்ளியில் இரட்டைப் பின்னல் போட்டு, மடித்து, காதுக்கு மேலே ரிப்பன் கட்ட வேண்டும். வகிடு நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேயரில் வெளியே நிற்க வைப்பார்கள். முன்பெல்லாம் நான் நிற்க, அம்மாவும் நின்றபடியே பின்னிவிடுவாள். இப்போது அவள் கட்டிலில் உட்கார்ந்து, என்னைக் கீழே தரையில் உட்கார வைத்தாள். முழங்கையைத் தன் முட்டியில் ஊன்றிக்கொண்டாள். உச்சியில் வகிடு எடுக்கும்போது மட்டும் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்குவாள். அந்த நேரத்தில் வகிடு கோணும்.

“என்னம்மா நீ, ஒழுங்கா எடுக்கவே தெரியல உனக்கு. அவுத்துட்டு மறுபடி போடு.”

அவிழ்த்துவிட்டு மறுபடி போடுவாள். ஒரு நாள் மூன்று முறை அவிழ்க்கச் சொன்னேன். மூன்றாவது முறை நேராக வந்தது.

செப்டம்பரில் ஆசிரியர் தினம். அன்று டீச்சர்களுக்கும் எட்டாம் வகுப்புப் பெண்களுக்கும் த்ரோபால் நடப்பது எங்கள் பள்ளி வழக்கம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டீச்சர்கள் ஓடுவதைப் பார்க்கப் பள்ளியே மைதானத்தைச் சுற்றி உட்காரும். அம்மா வரவில்லை என்றுதான் சொன்னாள். “கைதான் சரியாயிடுச்சே டீச்சர், ஊருக்கே தெரியுமே” என்று மற்ற டீச்சர்கள் இழுத்துவிட்டார்கள். நானும் கோட்டோரத்திலிருந்து, “போம்மா, போம்மா” என்று கத்தினேன்.

பந்து உயரமாக வந்தது. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பந்து. அம்மாவின் இடது கை மேலே போனது. வலது கை போகவில்லை. தோள் மட்டும் காதை நோக்கிக் குலுங்கி ஏறியது, கை இடுப்போடு நின்றது. பந்து தலையில் பட்டு உருண்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நடுவராக நின்ற பி.டி. டீச்சர் சிரிக்கவில்லை. விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். அந்தக் காலத்தில் ஈட்டி எறிந்தவர் அவர். குச்சி மாதிரி இருப்பார். அவர் குரலைக் கேட்டால் பெரிய வகுப்புப் பெண்களே நடுங்குவார்கள். அம்மாவின் இடது கையைப் பிடித்து விளையாட்டுச் சாமான் அறைக்குள் கூட்டிப்போனார். நான் பின்னாலேயே ஓடி வாசலில் நின்றேன்.

“கைய பக்கவாட்டுல தூக்குங்க டீச்சர்.”

வயிற்றளவுக்குப் போய்க் கை நின்றது.

“இப்ப விடுங்க, நான் தூக்கறேன்.” அவர் பிடித்துத் தூக்கியபோது கை தலைக்கு மேல் வரை போனது. “இப்ப நான் விடப்போறேன். நீங்க மெதுவா, மெதுவா எறக்குங்க.”

விட்டார். பாதி வழிவரை நடுங்கிக்கொண்டே வந்த கை, பிறகு துணி விழுகிற மாதிரி விழுந்தது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“எத்தனை நாளா இருக்கு?”

“இப்பதான்... பந்து பட்டதுல...”

“பந்து தலையில பட்டுச்சு. என்கிட்டயேவா?” பி.டி. டீச்சர் அம்மாவின் பின்பக்கம் போய்த் தோள்பட்டைக்கு மேல் விரலை வைத்துப் பார்த்தார். “இங்க சதை வத்திப் பள்ளமாக் கெடக்கு. ஒரு நாள்ல வத்தற சதையா இது? என்னன்னு நெனச்சு வச்சுக்கிட்டிருந்தீங்க?”

“சுளுக்குன்னு...”

“யார் சொன்னா?”

அம்மா புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடினாள். எனக்குச் சொல்லத் தெரிந்தது.

“சுளுக்குதான் மிஸ். நான்தான் மிதிச்சுச் சரி பண்ணேன். மூணு வாட்டி.”

பி.டி. டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா வேண்டாம் என்பதுபோலத் தலையை லேசாக அசைத்தாள். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“இங்க வா. எங்க மிதிச்ச? காட்டு.”

காட்டினேன்.

“இதுக்குள்ள எலும்பையும் சதையையும் சேத்துக் கட்டற நாண் ஒண்ணு இருக்கு, கயிறு மாதிரி. கயிறு அறுந்தா எலும்பு நல்லாத்தான் இருக்கும், அடுத்தவங்க தூக்கினாக் கையும் நல்லாத்தான் போகும். தானாத்தான் போகாது. எனக்கு அறுந்திருக்கு, அதனாலதான் ஈட்டிய விட்டுட்டு உங்களோட கத்திக்கிட்டிருக்கேன். அதை மிதிச்செல்லாம் ஒட்ட வைக்க முடியாதும்மா.”

“ஆனா சரியாயிடுச்சுன்னு அம்மாவே சொன்னாங்க மிஸ்” என்றேன்.

அறையில் பழைய பந்துகளின் ரப்பர் வாசனை அடித்தது. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளே அப்பா தேனாம்பேட்டையில் இருந்த தன் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனார். எக்ஸ்ரேயில் எலும்பு ஒன்றும் ஆகவில்லை. “பார்த்தியா, எலும்பு நேராத்தான் இருக்கு, அது பிள்ளை சரி பண்ணது” என்று அத்தை ஒரு கடைசி முயற்சி செய்தாள். டாக்டர் சொன்னதை அப்பா வீட்டில் ஒரு தாளில் படமாகப் போட்டுக் காட்டினார். தோள்மூட்டை நான்கு தசைகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதில் மேலே இருக்கும் ஒன்றின் நாண் அறுந்துவிட்டது. உடனே வந்திருந்தால் தைக்க முடியுமா என்று பார்த்திருக்கலாமாம். இப்போது தசை பின்னுக்கு இழுத்துக்கொண்டு மெலிந்துவிட்டது. தைத்தாலும் எந்த அளவுக்குப் பிடிக்கும் என்று சொல்ல முடியாதாம். மற்ற மூன்றையும் பழக்கி வேலை வாங்கலாம். அதற்குப் பல மாதம் ஆகும்.

படம் போட்டு முடித்துவிட்டு அப்பா தாளை மடித்தார். நான் அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்றார்.

“சொன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போயிருப்பீங்க.”

“போனா என்ன?”

“அவ மூஞ்சியைப் பார்த்தீங்களா அன்னிக்கு?” என்றாள் அம்மா.

என் மூஞ்சிக்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்தேன். எப்போதும்போலத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அப்பா புது வாஷர் வாங்கி வந்து பம்பைப் பிரித்தார். அடுத்த நாளிலிருந்து பம்பு அடிப்பது அவர் வேலையானது. கதவு நிலைக்கு மேலே ஒரு கப்பியை மாட்டிக் கயிறு கோத்துக் கொடுத்தார். அம்மா ஒரு முனையை இடது கையால் இழுக்க, மறுமுனையைப் பிடித்திருக்கும் வலது கை மேலே ஏறும். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டுப் பெண்டுலம் மாதிரி ஆட்டுவது ஒரு பயிற்சி. சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே ஏற்றுவது இன்னொன்று. எட்டிய உயரத்தில் தினமும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். இந்த மாதிரி வேலை என்றால் எனக்கு உயிர். ஆனால் நான் பென்சிலைத் தொடவில்லை. அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன்.

என்னிடம் அவள் பொய் சொல்லியிருந்தாள். அதை நம்பி நான் ஒன்பது பேருக்கு மிதித்திருந்தேன். பள்ளியில், “வலிக்குது, மிதிடி” என்று காலை நீட்டிக் கேலி செய்தார்கள். என் கணக்கில் குற்றம் முழுவதும் அம்மாவுடையது.

மீன்காரம்மா வந்தார். கூடையை இறக்கி வைத்து, “பாப்பா, முதுகாண்ட புடிச்சிக்கினு கீது. வா, காலக் குடு” என்றார்.

“அது வேலை செய்யாது.”

“யாரு சொன்னா? எனுக்கு செஞ்சிதே!”

“எங்கம்மாவுக்குச் செய்யல. சும்மா சொல்லியிருக்காங்க.”

மீன்காரம்மா அம்மாவின் பக்கம் திரும்பினார். அம்மா குனிந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏம்மா, இந்தக் கைய வச்சிக்கினா ரெண்டு மாசமா எங்கையில மீனு வாங்கி ஆஞ்சிக்கினு இருந்த?” என்றார். பிறகு என்னிடம், “நல்ல அம்மாவப் புடிச்ச போ” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டார். அது திட்டா பாராட்டா என்று தெரியாமல் நான் முறைத்தேன்.

நான் பேசாமல் இருந்த நான்காம் நாள் மாலை. அம்மா சுவருக்கு எதிரே நின்று விரல்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. நான் கட்டிலில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தப்புதான்டா” என்றாள், சுவரைப் பார்த்தபடியே. “அன்னிக்கே உன்கிட்ட உள்ளதைச் சொல்லியிருக்கணும். அம்மாவ மன்னிச்சுக்கோ.”

முந்தைய வருடம்தான் நான் கோயிலில் முதல் பாவமன்னிப்பும் புதுநன்மையும் வாங்கியிருந்தேன். பாவத்தை ஒப்புக்கொண்டவருக்கு ஃபாதர் என்ன பரிகாரம் கொடுப்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்சம் யோசித்தேன்.

“மூணு அருள் நிறைந்த மரியே சொல்லு” என்றேன்.

அம்மாவின் தோள் குலுங்கியது. சிரித்தாளா, வலித்ததா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. விரல்களைச் சுவரிலிருந்து எடுக்காமல் மூன்றையும் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல். மூன்றாவது முடிந்தபோது நடுவிரல் முந்தைய நாள் கோட்டுக்கு மேலே நின்றது. நான் இறங்கிப் போய்ப் பென்சிலை எடுத்துக் கோடு போட்டுத் தேதி எழுதினேன்.

“சரி, மன்னிச்சாச்சு” என்றேன். பெரிய மனதுள்ள ஓர் ஆளைப்போல உணர்ந்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் பள்ளி, நாளுக்கு இரண்டு பின்னல். அவிழ்த்து மறுபடி போட்டதைச் சேர்க்காமலே, எழுபது முறை அந்தக் கை என் தலைவரை வந்திருக்கிறது. ஒன்பது வயதில் எனக்குப் பெருக்கல் நன்றாக வரும். இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

இன்று அம்மாவின் வலது கை தோள் உயரத்துக்கு மேல் ஒரு சாண் வரை தானாகப் போகிறது. அதற்கு மேல் இடது கையின் துணை வேண்டும். குளிர்ந்த நாட்களில் வலி உண்டு. ஓய்வு பெறும்வரை கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதினாள். அறுவை சிகிச்சை செய்துகொள்ளவில்லை.